இல்லமும் அறிவியலும்: வேகத்தோடு வெப்பத்தையும் எண்ணுக

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்து, கல்லூரிச் சேர்க்கையும் முடிந்த பின்னர், கம்பம் பள்ளத்தாக்கின் இல்லங்களில் இந்நாளில் தவறாது எழும் கேள்வி ஒன்று உண்டு. பிள்ளைக்கு எந்த மடிக்கணினியை வாங்கித் தருவது என்பதே அது. ராயப்பன்பட்டியில் திராட்சையின் விலையை நம்பி ஆண்டுச் செலவைத் திட்டமிடும் குடும்பத்திற்கு 50,000 ரூபாய் என்பது சிறு தொகையன்று. வாங்கும் கருவியோ மூன்று, நான்கு ஆண்டுப் படிப்பு முழுவதற்கும் உழைத்தாக வேண்டும். ஆதலின் இத்தேர்வைக் கடைக்காரரின் சொல்லுக்கே விட்டுவிடாது, பெற்றோரும் சற்று அறிந்து வைத்திருத்தல் நன்று.

நம் இல்லங்கள் பலவற்றில் மடிக்கணினி முதன்முதலாக நுழைந்தது, 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வாயிலாகத்தான். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்றோர் அதனைப் பெற்றனர். கொடுத்ததைப் பெற்றுக்கொண்டோம், தேர்ந்தெடுக்கும் தொல்லை அன்று நமக்கு இல்லை. இன்று கைப்பணம் கொடுத்து வாங்கும்போதோ, ‘ஐ3 போதுமா, ஐ5 வேண்டுமா, ஐ7 இருந்தால் இன்னும் சிறப்பன்றோ?’ என்று மயங்குகிறோம். எண் பெரிதானால் வேகமும் பெரிதாகும் என்று நம்பிக் கடன் வாங்கவும் துணிகிறோம்.

இம்மயக்கம் தெளிய ஓர் உண்மையை மனத்தில் இருத்துதல் வேண்டும். பிராசசர் எனப்படும் செயலி உட்கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்படுகிறது. அவ்வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கினால், செயலி தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. மடிக்கணினிச் செயலிகள் பலவற்றிற்கு அவ்வெல்லை 100 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். எனவே மடிக்கணினியின் வேகம், செயலியின் திறனை மட்டும் பொறுத்ததன்று. அதன் வெப்பத்தை அந்தப் பெட்டி எவ்வளவு வெளியேற்றும் என்பதையும் பொறுத்தது.

நம் மண்ணிலேயே இதற்கு உவமை உண்டு. தேக்கடியில் எவ்வளவு நீர் தேங்கி நின்றாலும், மலையைக் குடைந்த சுரங்கவழியும் குழாய்களும் தாங்கும் அளவே லோயர் கேம்ப் மின்நிலையத்திற்கு இறங்கி வரும். செயலியின் திறன் தேக்கடி நீர் போன்றது. வெப்பத்தைக் கடத்தும் செம்புக் குழாயும் சிறு விசிறியும் அச்சுரங்கவழி போன்றவை. வழி குறுகியிருக்க, நீரை மட்டும் பெருக்கி என்ன பயன்?

வெப்பம் எவ்வாறு மிகுகிறது என்பதையும் காண்போம். செயலியின் துடிப்பு இருமடங்கானால், அது இயங்குவதற்கான மின்செலவும் இருமடங்காகும். மின்னழுத்தம் இருமடங்கானாலோ மின்செலவு நான்கு மடங்காகும். துடிப்பை மிக உயர்த்த மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டியிருப்பதால், உச்சத்தில் கிடைக்கும் சிறிதளவு வேகத்திற்குப் பேரளவு வெப்பம் விலையாகிறது. புனேயில் பிறந்த வினோத் தாம் முன்னின்று உருவாக்கிய இன்டெல் பென்டியம் செயலி 1993-ல் வெளிவந்தது. 5 வோல்ட் மின்னழுத்தத்தில் 66 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடிய அது 16 வாட் வரை உண்டது. மறு ஆண்டே உள்ளமைப்பை நுண்ணிதாக்கி, மின்னழுத்தத்தை 3.3 வோல்ட்டாகக் குறைத்தனர். வேகம் 100 மெகாஹெர்ட்ஸாக உயர்ந்தும், மின்செலவு 10 வாட் அளவிற்கு இறங்கிற்று. வேகமும் குளிர்ச்சியும் ஒருங்கே வாய்க்கக் கூடும் என்பதற்கு இது சான்று. விலையுயர்ந்த எண்ணைக் காட்டிலும் புதிய தலைமுறைச் செயலியே பல வேளைகளில் நலம் தருவது இதனாலேயே.

இனிக் கடைவீதிக்கு வருவோம். 2017-ல் இன்டெல் நிறுவனம் ஐ5-8250யூ, ஐ7-8550யூ என்னும் இரு செயலிகளை வெளியிட்டது. பழைய மடிக்கணினிகளைச் சீர்செய்து விற்கும் கடைகளில் இவற்றை இன்றும் காணலாம். இரண்டிலும் நான்கு கோர்கள். உச்ச வேகம் முன்னதற்கு 3.4 கிகாஹெர்ட்ஸ், பின்னதற்கு 4.0 கிகாஹெர்ட்ஸ். ஆனால் இரண்டுக்கும் குறித்த வெப்ப அளவு ஒன்றே. அது 15 வாட். அடிப்படை வேகமோ முறையே 1.6, 1.8 கிகாஹெர்ட்ஸ்தான். உச்ச வேகம் என்பது குறுகிய நேர ஓட்டமேயன்றி நாள் முழுதும் நடக்கும் நடையன்று. கோப்பைத் திறக்கும் கணத்தில் ஐ7 முந்தக்கூடும். ஒரு மணி நேரம் இடைவிடாது காணொளி தொகுக்கும்போது, ஒத்த பெட்டிகளில் இரண்டும் ஏறத்தாழ இணையாகவே நடக்கும்.

செயலி ஒன்றேயாயினும் பெட்டி மாறினால் பயன் மாறுவதும் உண்டு. 2020 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் எம்1 என்னும் தன் செயலியை, விசிறியில்லாத மேக்புக் ஏர், விசிறியுள்ள மேக்புக் ப்ரோ ஆகிய இரண்டிலும் பொருத்திற்று. சிறு பணிகளில் இரண்டும் ஒன்றுபோல் ஓடின. நெடுநேரக் கடும்பணியில் விசிறியுள்ளதே தளராது நின்றது.

நம் கோடையையும் கணக்கிற் கொள்ள வேண்டும். குளிரூட்டிய அறையில் 25 டிகிரியில் 15 வாட் வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு, 35 டிகிரி வெப்பமுள்ள விடுதி அறையில் 13 வாட் அளவையே வெளியேற்ற இயலும். கடையில் கண்ட வேகம் விடுதியில் கிட்டாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆயின் எதனைத் தேர்வது? இன்டெல் செயலியின் பெயரில் இறுதியாக நிற்கும் எழுத்தை முதலில் நோக்குக. ‘யூ’ எனில் பெரும்பாலும் 15 வாட் அளவினது. ‘எச்’ எனில் 45 வாட் அளவினது. கலை, வணிகம், அறிவியல், செவிலியர் படிப்பு ஆகியவற்றிற்கும், நிரல் எழுதப் பழகுவதற்கும் 15 வாட் வகை பெரும்பாலும் போதும். அவ்வகையில் ஐ5 தரச் செயலியைக் கொண்டு, ஐ7-க்கு ஆகும் மிகைச் செலவை 16 ஜிபி நினைவகத்திற்கும் எஸ்எஸ்டி சேமிப்பகத்திற்கும் திருப்புவது அறிவுடைமை. கட்டடக்கலை, இயந்திர வரைபடம், காணொளித் தொகுப்பு பயில்வோர்க்கு ‘எச்’ வகை வேண்டியிருக்கலாம். அவ்வாறாயின் மெல்லிய அழகுப் பெட்டியை நாடாது, காற்றுத் துளைகளும் நல்ல விசிறியும் உடைய சற்றே தடித்த பெட்டியை ஏற்றுக்கொள்க. அதன் எடையும், விசிறியின் ஓசையும், மின்கலம் விரைந்து தீர்வதும் அவ்வேகத்திற்குரிய விலை என அறிக.

வாங்கிய பின்னும் கடமை உண்டு. மெத்தைமீதும் தலையணைமீதும் வைத்து இயக்கினால் அடிப்புறத் துளைகள் அடைபடும். மேசையே தக்க இடம். விசிறியில் படியும் தூசியை ஆண்டுக்கொருமுறை தெரிந்தவரைக் கொண்டு நீக்குக. மிகை வெப்பம் மின்கலத்தின் ஆயுளையும் குறைக்கும் என்பதை மறவற்க.

கடைக்குச் செல்லும் பெற்றோர் மூன்று கேள்விகளைக் கேட்பாராக: இது எத்தனை வாட் செயலி? இப்பெட்டியில் விசிறி உண்டா? அரைமணி நேரம் இடைவிடாது உழைத்த பின்னும் இதே வேகம் நிற்குமா? இவற்றிற்குத் தெளிந்த விடை கிடைத்த பின்னரே பணத்தை எண்ணிக் கொடுங்கள். வியர்வை சிந்தி ஈட்டிய பொருள், பெட்டிக்குள் தேங்கும் வெப்பமாய் வீணாக வேண்டியதில்லை.