குமிழிக்கு ஏற்ற கிளாஸ் எது?

சினிமாவில் பணக்காரர் வீட்டு பார்ட்டி என்றால் ஒரு காட்சி நிச்சயம் உண்டு. 'டப்' என்று கார்க் பறக்கும், நுரை பொங்கும், நீளமான ஒல்லி கிளாஸ்களில் பொன்னிறமாக ஏதோ ஊற்றுவார்கள். அந்தக் கிளாஸைப் பார்த்தாலே 'ஷாம்பெயின்' என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால், ஷாம்பெயின் பிறந்த ஊரிலேயே அந்த ஒல்லி கிளாஸை ஓரங்கட்டும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது தெரியுமா?

மது உடல்நலத்துக்குக் கேடு. அதில் இரண்டு கருத்து இல்லை. இந்த வாரம் நாம் பேசப்போவது கண்ணாடியைப் பற்றி. வீட்டில் சோடா மட்டுமே குடிப்பவர்களும் தாராளமாகத் தொடரலாம், அவர்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

பிரான்ஸின் வடகிழக்கில் ரீம்ஸ், எபெர்னே ஊர்களைச் சுற்றியிருக்கும் பகுதிக்குப் பெயர்தான் ஷாம்பெயின். அங்கே ஒயினைப் புட்டியில் ஊற்றி, கூடவே கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடிவிடுவார்கள். புட்டிக்குள்ளேயே இரண்டாவது முறை நொதிக்கும். வெளியேற வழியில்லாத கார்பன் டை ஆக்ஸைடு ஒயினிலேயே கரைந்துவிடும். உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைப்போல சுமார் ஆறு மடங்கு! சாதாரண ஷாம்பெயினே குறைந்தது 15 மாதம் புட்டியில் கிடந்த பிறகுதான் விற்பனைக்கு வர வேண்டும் என்பது அங்கே சட்டம். குறிப்பிட்ட ஓர் ஆண்டின் அறுவடையில் மட்டும் செய்தது என்றால் 3 ஆண்டுகள்.

750 மில்லி புட்டிக்குள் இப்படி அடைபட்டிருக்கும் வாயு சுமார் 9 கிராம். வெளியே விட்டால் கிட்டத்தட்ட 5 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். மாதக்கணக்கில் சேர்த்துவைத்த இந்தச் சொத்தை, கிளாஸ் சில நிமிடங்களில் செலவழித்துவிடுகிறது. அதை எப்படிச் செலவழிக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் 'கூப்'. அகலமாக, ஆழமில்லாமல், காம்பு வைத்த கிண்ணம் மாதிரி இருக்கும். பழைய ஹாலிவுட் படங்களில் அடுக்கடுக்காகக் கோபுரம் கட்டி, உச்சியிலிருந்து ஊற்றுவார்களே, அதுதான். பிரெஞ்சு அரசி மேரி அந்துவானெத்தின் மார்பகத்தை அச்சாக வைத்துச் செய்தது இது என்று ஒரு கதை உலகம் முழுக்கச் சுற்றுகிறது. வெறும் கட்டுக்கதை. வாட்ஸ்அப் வருவதற்கு முன்பும் ஃபார்வர்டு மெசேஜ்கள் இருந்திருக்கின்றன!

கூப்பின் பிரச்னை அதன் அகலம். திறந்த பரப்பு பெரிது என்பதால் வாயு சீக்கிரம் ஓடிவிடும், வாசனையும் நிற்காது. நின்றுகொண்டே பேசும் பார்ட்டியில் யாராவது தோளில் தட்டினால் பாதி சட்டையில்தான். 19-ஆம் நூற்றாண்டின் ஷாம்பெயின் இன்றைக்கு இருப்பதைவிடப் பல மடங்கு இனிப்பு. கிட்டத்தட்ட டெசர்ட் மாதிரி குடித்தார்கள். அந்தக் காலத்துக்குக் கூப் போதுமானதாக இருந்திருக்கலாம்.

அடுத்தது, நம் சினிமா கிளாஸ். பெயர் 'ஃப்ளூட்'. புல்லாங்குழல் மாதிரி இருப்பதால் பொருத்தமான பெயர்தான். இது கண்ணுக்கான கிளாஸ். அடியில் புறப்படும் குமிழி நீண்ட தூரம் ஏறிவருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இந்த அழகைப் பார்க்க ஒயின் தெளிவாக இருக்க வேண்டுமே! ஒரு காலத்தில் ஈஸ்ட் வண்டல் கலங்கிப்போய்தான் இருந்தது. 27 வயதில் கணவரை இழந்து, வியாபாரத்தைக் கையில் எடுத்த மேடம் க்ளிக்கோவின் நிலவறையில்தான், 1816 வாக்கில், புட்டிகளைத் தலைகீழாகச் சாய்த்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவந்து நீக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார்கள். இன்று குமிழியை ரசிக்கிறவர்கள் அந்த அம்மாவுக்கு ஒரு நன்றி சொல்லலாம்.

சரி, ஃப்ளூட்டில் என்ன குறை? ரீம்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெரார் லிஜே-பெலேர் என்ற இயற்பியலாளர் இருக்கிறார். ஷாம்பெயின் குமிழிகளை ஆராய்வதுதான் அவருக்கு வேலை. (இப்படியும் ஒரு வேலை!) அவருடைய குழு ஃப்ளூட், கூப் இரண்டிலும் ஒரே ஷாம்பெயினை ஊற்றி, வாய்ப்பகுதியில் சேரும் வாயுவை அளந்து பார்த்தது. ஃப்ளூட்டின் குறுகிய வாயில் கார்பன் டை ஆக்ஸைடு மிக அதிகமாகத் தேங்கியது. சோடாவை அவசரமாகக் குடிக்கும்போது மூக்கில் சுருக்கென்று ஏறுமே, அதே வாயு, அதே எரிச்சல். மூக்கு எரிந்தால் வாசனை எப்படித் தெரியும்? பழவாசனை, சுட்ட ரொட்டி வாசனை என்று மாதக்கணக்கில் புட்டிக்குள் உருவானதெல்லாம் வீண்தானே!

குமிழி என்பது வெறும் அலங்காரம் இல்லை. அது மேலே வந்து வெடிக்கும்போது நுண்ணிய துளிகளைக் காற்றில் தெறிக்கவிடுகிறது. வாசனைப் பொருள்களைச் சுமந்துவருவது அந்தத் துளிகள்தான். அதனால், குமிழியும் வேண்டும், வாசனை தங்க இடமும் வேண்டும், மூக்கும் எரியக்கூடாது. அதற்குக் கிடைத்த சமரசம்தான் 'துலிப்'. அடியில் ஒடுங்கி, நடுவில் வயிறு பருத்து, வாய்ப்பக்கம் மறுபடி கொஞ்சம் குறுகும் கிளாஸ். ரீம்ஸின் லே க்ரேயேர் ஹோட்டலில் ஒயின் பொறுப்பாளராக இருந்த ஃபிலிப் ஜமேஸ், அதே ஊர் லேமான் நிறுவனத்தோடு சேர்ந்து வடிவமைத்த கிளாஸ்கள் இந்த வகைக்கு நல்ல உதாரணம். என் ஓட்டும் துலிப்புக்குத்தான். அது கிடைக்காவிட்டால், சாதாரண வெள்ளை ஒயின் கிளாஸ் ஃப்ளூட்டைவிட மேல்.

எந்த வடிவமானாலும் பாதிக்கு மேல் ஊற்றக்கூடாது. மேலே காலியாக இருக்கும் இடம்தான் வாசனையின் வீடு. கிளாஸைச் சாய்த்து, பியர் ஊற்றுவதுபோல உள்சுவரில் வழியவிட வேண்டும். நேராக ஊற்றுவதைவிட இதில் வாயு குறைவாக வீணாகிறது என்பதையும் அந்தக் குழுவே அளந்து சொன்னது. காம்பு வைத்திருப்பது ஸ்டைலுக்காக அல்ல, கைச்சூடு ஏறாமல் பிடிக்கத்தான்.

இப்போது சோடாக்காரர்களுக்கான வேலை. குமிழி எங்கிருந்து பிறக்கிறது தெரியுமா? கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தூசி, பருத்தி நூலின் மிக நுண்ணிய இழைகளிலிருந்து! அந்த இழைக்குள் சிக்கிய துளிக் காற்றில் வாயு சேர்ந்து, பருத்து, கழன்று மேலே போகிறது. கொஞ்சமும் தூசி இல்லாத வழவழப்பான கிளாஸில் குமிழியே எழாது. அதனால்தான் சில கம்பெனிகள் கிளாஸின் அடியில் லேசரால் நுண்ணிய புள்ளிகள் கீறி விற்கின்றன. வீட்டில் இரண்டு கண்ணாடி டம்ளர் எடுங்கள். ஒன்றைப் பருத்தித் துணியால் உள்ளே நன்றாகத் துடையுங்கள். மற்றொன்றை வெந்நீரில் கழுவி, துணி படாமல் உலரவிடுங்கள். இரண்டிலும் சோடாவை ஊற்றி, பிள்ளைகளிடம் வித்தியாசத்தைக் கேளுங்கள். ஒரே இடத்திலிருந்து குமிழிகள் வரிசையாகக் கிளம்பினால், அங்கே ஓர் இழை உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதிலிருந்தே கழுவும் முறையும் தெரிந்துவிடும். பாத்திரம் கழுவும் லிக்விட் படலமும், எண்ணெய்ப் பிசுக்கும், லிப்ஸ்டிக்கும் நுரையைக் கொன்றுவிடும். வெந்நீரில் நன்றாக அலசி, பருத்தித் துணியால் துடைத்தால் போதும். அலமாரியில் கவிழ்த்து வைக்காதீர்கள். மர வாசனை உள்ளே அடைந்துகொள்ளும். அழுக்குத் துலிப்பைவிடச் சுத்தமான ஃப்ளூட் ஆயிரம் மடங்கு மேல்.

வாங்கும்போது மெல்லிய விளிம்பு, பூவேலை இல்லாத தெளிந்த கண்ணாடி, இந்த இரண்டைப் பார்த்தால் போதும். கனமான வெட்டு வேலைப்பாடு கிரிஸ்டல் காஸ்ட்லியாக மின்னும். ஆனால், குமிழியை மறைத்துவிடும்.

யாராவது பரிசளித்த கூப் செட் ஷோகேஸில் தூங்குகிறதா? தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஃப்ரூட் சாலட், ஐஸ்க்ரீம் பரிமாற அதைவிட அழகான பாத்திரம் கிடைக்காது.