வரி போயிற்று, வழக்குப் போகவில்லை

மனிதன் மவ்த்தானதும் அவன் சேர்த்த பொருள் அவனுடையதாக இருப்பதில்லை. ஜனாஸாவை அடக்கம் செய்துவிட்டு உறவினர் வீடு திரும்புமுன்பே அது பிறருடையதாகிவிடுகின்றது. அந்தப் பிறர் யார் யார், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்பதை மார்க்கம் தெளிவாக வகுத்துள்ளது. அதில் தனக்கும் ஒரு பங்கு உண்டென்று நம் நாட்டு அரசாங்கம் கூறிய காலமும் ஒன்று இருந்தது. அந்த வரி போய் நாற்பது ஆண்டுகள் ஆகியும் நம் குடும்பங்களின் நிலமும் கடையும் தகப்பனார் மறைந்ததும் நிலைகுலைவது ஏன்? இதனை இம்மாதம் சிந்திப்போம்.

1953ஆம் ஆண்டு அக்டோபர் 15 முதல் எஸ்டேட் டியூட்டி என்னும் இறப்புச் சொத்து வரி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட வரம்புக்கு மேல் சொத்து வைத்து ஒருவர் இறந்தால் அதன் மதிப்பைக் கணக்கிட்டு வரி செலுத்த வேண்டும். இதன் நோக்கம் பழுதானதன்று. செல்வம் செல்வந்தர்களுக்குள்ளேயே சுற்றிவரக் கூடாது என்ற கருத்து நமக்கு அந்நியமானதும் அன்று. ஆனால் வரி விகிதம் ஏறி ஏறி, 20 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்கு 85 விழுக்காடு என்ற நிலையை அடைந்தது. இவ்வளவு கடுமையான வரியால் கஜானா நிறைந்ததா? இல்லை. இவ்வரியால் கிடைப்பது சுமார் 20 கோடி ரூபாய்தான், அதனை நிர்வகிக்கும் செலவோ அதிகம் என்று 1985ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் நிதியமைச்சர் வி.பி.சிங் கூறினார். அவ்வாண்டு மார்ச் 16 முதல் நிகழும் இறப்புகளுக்கு இவ்வரி இல்லை என்றாயிற்று.

இத்தகைய வரி சிறு விவசாயியையும் சிறு வியாபாரியையும் அஞ்சவைப்பதற்குக் காரணம் எளியது. அவர்களிடம் சொத்து உண்டு, ரொக்கம் இல்லை. நிலத்தின் விலை ஏட்டில் உயர்ந்துகொண்டே போகும். விளைச்சலோ அரிசிக்கும் விதைக்கும் போதுமானதாக இருக்கும். வரி கட்ட வேண்டுமென்றால் நிலத்தில் ஒரு துண்டை விற்றாக வேண்டும். பிரிட்டனில் 2024 அக்டோபரில், விவசாயச் சொத்தில் 10 லட்சம் பவுனுக்கு மேற்பட்ட பகுதிக்கு 20 விழுக்காடு வாரிசு வரி என்று அறிவித்தபோது, விவசாயிகள் லண்டன் வீதிகளில் திரண்டதும் இதனால்தான். எதிர்ப்பு ஓயாததால் அந்த வரம்பை 25 லட்சம் பவுனாக உயர்த்துவதாக 2025 டிசம்பரில் அரசாங்கம் இறங்கி வந்தது.

நம் நாட்டில் அந்த அச்சம் இல்லை. ஆயினும் நிலம் துண்டாகின்றது, கடை மூடப்படுகின்றது. தமிழகத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி நிலம் 2015-16ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி முக்கால் ஹெக்டேர்தான். இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இந்தச் சிறு நிலத்தைக்கூடக் குடும்பம் காக்க இயலாமற் போவதற்கு இன்று வரி காரணமன்று. பிரிக்க வேண்டியதைப் பிரிக்காமலும், எழுத வேண்டியதை எழுதாமலும் விடுவதே காரணம்.

ஜவ்வாது மலையையே எடுத்துக்கொள்வோம். புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் மலை அது. சாமையும் கேழ்வரகும் அங்கு விளைகின்றன. புளியும் பலாவும் தேனும் அடிவாரத்துச் சந்தைகளுக்கு இறங்குகின்றன. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஓர் அரிய பாதுகாப்பைத் தந்தது. அச்சட்டப்படி கிடைக்கும் நிலவுரிமை பிள்ளைகளுக்கு இறங்கும். ஆனால் விற்க இயலாது. மணமானவர் என்றால் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவாக வேண்டும். தமிழகத்தில் நீதிமன்றத் தடையினால் பல ஆண்டுகள் தாமதமான இவ்வுரிமை, 2016இல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கிய பின்னரே வழங்கப்படலாயிற்று. கடனுக்காக நிலம் கைமாறிப்போகாமல் தடுக்கும் வேலி இது. மனைவியின் பெயரை முதலிலேயே எழுதிவிடுவதால், கணவன் மறைந்த பின் அவள் யாரிடமும் கையேந்த வேண்டுவதில்லை.

ஆனால் மலையிலும் மகளின் பங்கு வழக்காறு என்ற திரைக்குப் பின்னாலேயே இருந்துவந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது. பெண் என்ற ஒரே காரணத்தால் பழங்குடிப் பெண்ணுக்குப் பங்கு மறுப்பது அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று 2025 ஜூலையில்தான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நமக்கோ இந்தத் தீர்ப்பு பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. சென்னை மாகாணத்தில் 1949இல் செய்யப்பட்ட திருத்தம் அந்த விலக்கையும் நீக்கிற்று. ஆகவே தமிழகத்தில் ஒரு முஸ்லிமின் வயலிலும் தோப்பிலும் மகளுக்குள்ள பங்கை மறுக்க மார்க்கத்திலும் இடமில்லை, சட்டத்திலும் இடமில்லை. மறுப்பவர்கள் நாம்தாம். "தங்கைக்குத்தான் நகை போட்டாயிற்றே" என்கின்றோம். நகை அன்பளிப்பு, பங்கு ஹக்கு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒருவர் மனைவியையும் ஒரு மகனையும் இரு மகள்களையும் விட்டு வபாத்தானார். பெற்றோர் முன்பே காலமாகிவிட்டனர். கடை, சரக்கு, நிலம் எல்லாம் சேர்த்து 36 லட்சம். அடக்கச் செலவும், கொடுபடாத மஹர் உட்படக் கடன்களும் 4 லட்சம். அவை முதலில் தீர வேண்டும். வஸிய்யத் ஏதும் இல்லை. மீதி 32 லட்சத்தில் மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 4 லட்சம். மகனுக்கு 14 லட்சம். மகள்களுக்கு ஆளுக்கு 7 லட்சம்.

"அப்படியானால் கடையை இடித்துப் பங்கு போடுவதா?" என்று கேட்பீர்கள். அவசியமில்லை. வாரிசுகள் மனமொப்பித் தம் பங்குக்குப் பதிலாக வேறு பொருளோ பணமோ பெற்று விலகிக்கொள்ளும் முறைக்கு ஃபிக்ஹு நூல்களில் தகாருஜ் என்று பெயர். கடையை நடத்தும் மகன் சகோதரிகளின் பங்குக்கு விலை பேசித் தவணை குறித்து எழுதிக்கொடுக்கலாம். அல்லது அவர்களைப் பங்காளிகளாகவே வைத்து ஆண்டுதோறும் இலாபத்தை அளந்து கொடுக்கலாம். கடையும் நிற்கும், உறவும் நிற்கும். காலம் கடத்தினால் பேரப்பிள்ளைகளும் வாரிசாகி, நான்கு பேர் பேசி முடிக்க வேண்டியது நாற்பது பேர் வழக்காகிவிடும்.

காகிதமும் முக்கியம். பாட்டனார் பெயரிலேயே பட்டா இருக்குமானால் வங்கியில் பயிர்க்கடன் கேட்கப் போகும் பேரன் அலைய நேரும். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் மத்திய அரசின் விவசாயி உதவித்தொகையும் நிலம் தம் பெயரில் உள்ளவர்களுக்கே. ஆகவே வாரிசுச் சான்று பெற்று, பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, பட்டாவை மாற்றிக்கொள்ளுங்கள். குடும்பத்தாருக்கிடையேயான பாகப்பிரிவினைக்கு முத்திரைத் தீர்வை ஒரு விழுக்காடுதான். அதன் உச்சவரம்பு 2023 ஜூலையில் 25,000 ரூபாயிலிருந்து 40,000 ஆகவும், பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பு 4,000 ரூபாயிலிருந்து 10,000 ஆகவும் உயர்த்தப்பட்டன. ஆயினும் பல்லாண்டு வழக்குச் செலவோடு ஒப்பிட்டால் இது அற்பமே.

ஒரே மகளை உடைய ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது தம் பொருளில் பெரும்பகுதியைத் தருமமாக எழுதிவைக்க விரும்பினார்கள். மூன்றில் ஒரு பங்கு போதும், அதுவே அதிகம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடுவதைவிடத் தன்னிறைவோடு விட்டுச்செல்வதே மேல் என்றும் உணர்த்தினார்கள். தருமத்துக்கே எல்லை வகுத்த மார்க்கம் இது. அப்படியிருக்க, உடன்பிறந்தவளின் ஏழு லட்சத்தை ஒரு சகோதரன் வைத்துக்கொள்வதை அது எங்ஙனம் பொறுக்கும்?

அரசாங்கம் தான் கேட்ட பங்கை 1985இல் விட்டுவிட்டது. சகோதரிகளின் பங்கை விடுவதற்கு நமக்கு உரிமை இல்லை. இந்த மாதமே வீட்டில் அமர்ந்து, யாருக்குக் கடன், எந்தப் பத்திரம் எங்கே, பட்டா யார் பெயரில் என்று ஒரு தாளில் எழுதி, மனைவி மக்கள் அறிய வையுங்கள். உயிருள்ளபோது எழுதிய அந்த ஒரு தாள், நீங்கள் மறைந்த பின் பிள்ளைகளை நீதிமன்ற வாசலுக்கு அனுப்பாமல் காக்கக்கூடும்.