சேத்ரியைத் திட்டாதீங்க சாமி!

போன ஞாயிற்றுக்கிழமை லேக் மார்க்கெட்டில் காபிப்பொடி வாங்கப் போனேன். வரிசையில் நின்ற நம்மூர்க்காரர் ஒருத்தர், "நாப்பது வயசு ஆளைத் திரும்பக் கூட்டிட்டு வந்து ஆட வெச்சாங்க, இந்தியா உருப்படுமாய்யா?" என்று ஆரம்பித்தார். சுனில் சேத்ரியைத்தான் சொல்கிறார். கூடத் தங்கமணி இருந்ததால் அங்கே வாயைத் திறக்கவில்லை. இங்கே கொட்டிவிடுகிறேன்.

2024 ஜூன் 6 அன்று சால்ட் லேக் மைதானத்தில் குவைத்தோடு கோலில்லா டிரா. 151 ஆட்டம், 94 கோல், மனிதர் விடைபெற்றார். நானும் பையனும் மேல்வரிசையில் இருந்தோம். பக்கத்தில் இருந்த பெங்காலிப் பெரியவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கோ, நாளைக்கு இவர் சீட்டில் யார் உட்காரப் போகிறார் என்ற கவலை. (பேங்க் புத்தி, போகாது!)

பதில் யாரிடமும் இல்லை. 2024 முழுக்க இந்தியா ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. புதுக் கோச் மனோலோ மார்க்கேஸ் அப்போது எஃப்சி கோவாவுக்கும் கோச். ஒரே மேனேஜருக்கு இன்னொரு கிளையையும் 'கூடுதல் பொறுப்பு' கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், ரெண்டு கிளையிலும் இருந்திருக்கிறேன்.

2025 மார்ச்சில் சேத்ரியைத் திரும்ப அழைத்தார்கள். ஷில்லாங்கில் மாலத்தீவை 3-0 என்று ஜெயித்தோம், அவரும் தலையால் ஒன்று போட்டார். ஆறே நாளில் அதே ஊரில் பங்களாதேஷோடு 0-0. ஜூனில் ஹாங்காங்கிடம் தோல்வி. அக்டோபரில் மட்காவில் சிங்கப்பூரிடம் 1-2. 2027 ஆசியக் கோப்பை போயே போச்சு.

இதற்கு அவரா காரணம்? 2024-25 ஐஎஸ்எல்லில் அதிக கோல் அடித்த இந்தியர் அந்த 'கிழவர்'தான், 14 கோல். கோச் வேறு யாரை எடுப்பார்? மைதானத்தில் நாலு வெளிநாட்டுக்காரர் ஆடலாம் என்றால் எந்த கிளப்பும் கோல் அடிக்கும் இடத்தை அவர்களுக்குத்தான் கொடுக்கும். நம் பையன்கள் ஓரத்திலோ பெஞ்சிலோ. வருஷக்கணக்காக ஆட விடாமல் வைத்துவிட்டு, இப்போது ஆள் எங்கே என்று தேடுகிறார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் கிளையில் ஓய்வுக்குக் காத்திருக்கும் சீனியர்கள், அப்புறம் எங்களை மாதிரிக் கத்துக்குட்டிகள். நடுவில் ஆளே கிடையாது. பல வருஷம் ஆள் எடுக்கவில்லை, 2000-01ல் விஆர்எஸ் வேறு. ரிட்டையர் ஆன அக்கவுண்டன்ட்டைப் போனில் கூப்பிட்டு சந்தேகம் கேட்போம். தப்பு அந்த மனுஷன் மேலா?

வழி இல்லாமல் இல்லை. 2022-23ல் பெங்களூரு அணி சேத்ரியைப் பல ஆட்டங்களில் பெஞ்சில் வைத்துவிட்டு, நம்ம சிவகங்கைப் பக்கத்துப் பையன் சிவசக்தி நாராயணனை இறக்கியது. அணி ஃபைனல் வரை போனது, பையன் வளரும் வீரர் விருது வாங்கினான். பெரியவர் அரைமணி நேரம், சின்னவன் ஒரு மணி நேரம். முன்வரிசையில் ஒரு இந்தியன் கட்டாயம் என்று லீகில் விதி போட்டால் கிளப்புகள் கத்தும். கத்தட்டுமே.

2025 நவம்பர் 18 அன்று டாக்காவில் 0-1. 2003க்குப் பிறகு பங்களாதேஷிடம் முதல் தோல்வி. அன்று சேத்ரி அணியிலேயே இல்லை. காபிப்பொடி அண்ணாச்சி, அதுக்கு யாரைத் திட்டுவீங்க?