மூக்கை அளந்தார்கள், மூளையை அளக்கிறார்கள்

சேக்காட்டில் ஒருத்தர் பத்து நாள் வேலைக்குப் போகாமல், சோறு தண்ணி இறங்காமல் சுவரைப் பார்த்துக் கிடந்தால் ஊர் இரண்டு பேர்தான் வைக்கும். ஒன்று ‘சோம்பேறி’. இன்னொன்று ‘கீழ்ப்பாக்கம் கேசு’. இப்போது படித்தவர்கள் மூன்றாவதாக ஒன்று சொல்கிறார்கள்: ‘அவங்க மூளை அமைப்பே வேறப்பா.’ இதை உரசிப் பார்க்காமல் விட முடியாது.

2016இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து, மனச்சோர்வு நோய் கண்ட 1,728 பேரின் மூளைப் படங்களை நோயில்லாத 7,199 பேரின் படங்களோடு ஒப்பிட்டார்கள். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி, நோயாளிகளுக்குச் சராசரியாக நூற்றுக்கு ஒன்றே கால் பங்கு சிறியதாக இருந்தது. நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களிடமும், இளவயதிலேயே தொடங்கியவர்களிடமும்தான் இது தெளிவாகத் தெரிந்தது. வித்தியாசம் உண்மை. ஆனால் அது சராசரிக் கணக்கு. ஒருத்தருடைய ஸ்கேனை மட்டும் பார்த்து ‘இவருக்கு மனச்சோர்வு’ என்று எந்த டாக்டரும் சொல்லிவிட முடியாது.

சரி, மூளை ஏன் மாறுகிறது? பரம்பரைக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெங்களூர் ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்டதையும் பாருங்கள். எலிகளைத் தினம் 2 மணி நேரமாக 10 நாள் அசைய விடாமல் அடைத்தார்கள். ஹிப்போகாம்பஸில் நரம்புக் கிளைகள் சுருங்கின. பயத்துக்கான அமிக்டலாவில் கிளைகள் பெருகின. 21 நாள் சும்மா விட்ட பிறகும் அமிக்டலாவின் பெருக்கம் அடங்கவில்லை என்று 2004இல் எழுதினார்கள். எலி மனுசன் இல்லைதான். ஆனால் பத்து நாள் அடைப்பு மூளையில் தழும்பாகிறது என்றால், தலைமுறை தலைமுறையாய் அடைத்து வைக்கப்பட்டவர்களைப் பற்றி என்ன சொல்வது?

அளப்பது நமக்குப் புதிதல்ல. எழும்பூர் மியூசியத்தில் இருந்த எட்கர் தர்ஸ்டன் நம் பாட்டன்மார் மூக்கை அளந்து சாதிக்கணக்கு எழுதினார். அப்படிப்பட்ட மூக்களவுகளையே எடுத்துவைத்து, பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் வேறு வேறு இனமல்ல என்று 1948இல் அம்பேத்கர் வாதிட்டார். மூளையளவு இன்னொரு பிறவிக்கணக்கு ஆகிவிடக் கூடாது. அளக்கிறவர்கள் ‘அடைத்தது யார், எத்தனை வருசம்’ என்றும் கேட்கட்டும்.

அதற்காக மருந்தே வேண்டாம், சமூகம் மாறினால் போதும் என்று நம்மாட்கள் பேசுவதும் தப்பு. சமூகம் மாறும்வரை அந்த ஆள் உயிரோடு இருக்கணுமில்ல? மாத்திரையும் ஆலோசனையும் பலருக்குக் கைகொடுக்கின்றன. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி மனச்சோர்வு உள்ளவர்களில் 100க்கு 85 பேருக்குச் சிகிச்சையே இல்லை. இதற்காக யாரையும் வெகுதூரம் அலையவிடக் கூடாது, சாதி பார்க்கக் கூடாது என்று 2017 மனநலச் சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. ஒருநாள் கூலியை விட்டுவிட்டுச் சேக்காட்டிலிருந்து கீழ்ப்பாக்கம் வரை ஏன் ஓடவேண்டும்? இங்கேயே கொடு என்று கேட்போம். அது சலுகை அல்ல, உரிமை.