ஐ7 போட்டுவிட்டால் போதுமா? சூட்டை யார் இறக்குவது?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். லெப்டொப்பை 'அப்கிரேட்' செய்ய யோசிக்கும் ஆசிரியர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

2022இல் டொலர் 203 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டபோது, புதிய லெப்டொப் எங்கள் சம்பளத்துக்கு எட்டாத பொருளாகிவிட்டது. அன்றிலிருந்து இருப்பதைத் தட்டிக்கொட்டி ஓட்டுகிறோம். அதில் பிழையில்லை. அந்த இயலாமையில் காசு பார்க்கும் அரைகுறை வேலையைத்தான் கேட்கிறோம்.

எங்களோடு படிப்பிக்கும் டீச்சர் ஒருவரின் லெப்டொப்பில் இருந்தது ஐ3-2330எம். ஒரு கடையில் அதைக் கழற்றி ஐ7-2670கியூஎம் போட்டுக் கொடுத்தார்கள். சொக்கட் ஒன்றுதான், பொருந்தியது. இரண்டு கிழமை போகவில்லை, தரம் 11 தவணைப் பரீட்சை வினாத்தாள் அடித்துக்கொண்டிருந்தபோது இரவு பதினொரு மணிக்குப் பட்டென்று நின்றது. சேமிக்காத இரண்டு பக்கமும் போயின. கடைக்குப் போனால் பதில் என்ன தெரியுமா? "ஐ7 எண்டா சூடாகத்தான் செய்யும் டீச்சர். ஒரு கூலிங் பேட் எடுங்க." அதையும் விற்றே அனுப்பினார்கள்!

பழையது 35 வாட். புதியது 45 வாட். 'டர்போ'வில் 3.1 கிகாஹேர்ட்ஸ் வரை ஏறும்போது சற்று நேரத்துக்கு அதையும் தாண்டும். ஆனால் உள்ளே இருக்கும் செப்புக் குழாயும் விசிறியும் பழைய 35 வாட்டுக்கு வைத்தவை. தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் எங்கள் வகுப்பறையில் அந்த விசிறி இழுப்பதும் சூடான காற்றைத்தான். 100 பாகையை நெருங்கினால் ப்ரொசெசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் மெசின் அணைந்துவிடும். ஆக, நான்கு கோருக்குக் காசு கொடுத்துவிட்டு ஆமை வேகத்தில் ஓட்டுகிறோம்.

நாங்கள் கழற்றிப் பார்த்தோம். விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளி மாதிரிப் படிந்து காற்றுப் போகும் வழியை அடைத்திருந்தது. ப்ரொசெசர் மாற்றியவர் அதைத் தொடவே இல்லை. பேஸ்டோ, பாணுக்குப் பட்டர் பூசியதுபோல் அப்பியிருந்தது. ஓர் அரிசி மணி அளவு போதும் ஐயா! அது இரண்டு உலோகங்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியை நிரப்பத்தான், மெத்தை போட அல்ல. நான்கு ஸ்க்ரூவில் ஒன்று பாதி முறுக்கியபடி நின்றது. ஹீட் சிங்கிலேயே 1, 2, 3, 4 என்று இலக்கம் அடித்திருக்கிறது, அந்த ஒழுங்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். வாசிக்கக்கூடவா நேரமில்லை?

வழி அடைபட்ட மெசினுக்குக் கீழே கூலிங் பேட் வைப்பது, ஜன்னலைச் சாத்திவிட்டு வெளியில் நின்று விசிறுவது போலத்தான்.

தூசியை எடுத்து, பழைய பேஸ்டை அல்கஹோலால் துடைத்து, புதிதாக வைத்து இறுக்கினோம். பிறகு விண்டோஸ் 'பவர் ஒப்ஷன்ஸ்' உள்ளே 'மெக்சிமம் ப்ரொசெசர் ஸ்டேட்' என்பதை 100இலிருந்து 99 ஆக்கினோம். அதோடு டர்போ நின்றுவிடும். வினாத்தாளுக்கும் புள்ளிப் பட்டியலுக்கும் அது தேவையுமில்லை. 'கோர் டெம்ப்' போட்டுப் பார்த்தால் 97இல் நின்றது 76க்கு இறங்கியிருந்தது. செலவு பேஸ்டுக்கு மட்டும்தான்.

எங்களிலும் பிழை உண்டு. ஐ7 ஸ்டிக்கருக்கு மயங்குகிறோம். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஓர் எஸ்எஸ்டி போட்டிருந்தால், சூடும் ஏறாமல் வேகமும் கிடைத்திருக்கும். கட்டிலில் தலையணைக்கு மேல் வைத்து அடிப்பதும் நாங்கள்தான்.

கடைக்காரச் சகோதரர்களுக்கு ஒன்று. எத்தனை வாட் என்று சொல்லி விற்றுப் பாருங்கள். ப்ரொசெசர் மாற்றினால் தூசியையும் எடுத்து, அரை மணித்தியாலம் ஓடவிட்டு, சூட்டின் அளவைக் காட்டிக் கொடுங்கள். டீச்சரிடம் கழற்றிய ஐ3ஐயும் மறக்காமல் திருப்பிக் கொடுங்கள். இன்னும் தரவில்லை.