விமானம் இரவல், கதை யாருடையது?

யுத்தப் படம் என்றால் நம் தோழர்கள் பலருக்குத் தனி மோகம். இருக்கட்டும். எட்டு மணி நேரம் இயந்திரத்தோடு மல்லாடியவன், இரண்டரை மணி நேரம் கொட்டகையில் உட்காருவதைக் குற்றமென்று நாம் கூறமாட்டோம். ஆனால் வெளியே வந்ததும், "அசல் யுத்தத்தையே நேரில் பார்த்ததுபோல இருந்தது" என்கிறார்களே, அங்கேதான் நமக்கு ஐயம் பிறக்கிறது. எது அசல்? துப்பாக்கியா? சீருடையா? காதைப் பிளக்கும் வெடியோசையா?

1986-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரண்டு படங்கள் வெளிவந்தன. ஒன்று 'டாப் கன்'. மற்றொன்று 'பிளட்டூன்'. முதற் படத்துக்குக் கடற்படை விமானம் கொடுத்தது. விமானந்தாங்கிக் கப்பலும் கொடுத்தது. சும்மாவா? கதையை வாங்கிப் படித்து, பிடிக்காததை மாற்றச் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தது. கதாநாயகி முதலில் படையிலேயே பணியாற்றும் பெண்ணாக இருந்தாள். அதிகாரி அவளைக் காதலிப்பது படை விதிக்கு ஒவ்வாது என்றார்கள். உடனே அவள் படைக்கு வெளியிலிருந்து வரும் பெண்ணாகிவிட்டாள். காதலுக்குக்கூடக் கடற்படையின் முத்திரை வேண்டியிருந்தது, தோழர்களே! படம் ஓடிய கொட்டகைகள் சிலவற்றின் வாசலிலேயே படைக்கு ஆள் சேர்க்கும் மேசையும் போட்டார்கள்.

'பிளட்டூன்' எடுத்த ஆலிவர் ஸ்டோன், 1967-68இல் வியத்நாம் காட்டில் காலாட்படைச் சிப்பாயாக நின்றவர், இருமுறை காயம்பட்டவர். அவர் கேட்டபோது அமெரிக்க இராணுவ இலாகா கையை விரித்துவிட்டது. பிலிப்பைன்ஸ் நாட்டுக்குப் போய்ப் படமெடுத்தார். நடிகர்களை முன்னாள் மரைன் படைவீரர் ஒருவரிடம் ஒப்படைத்தார். அவர் அவர்களைக் காட்டில் போட்டு, குழி தோண்டவைத்து, அரைத் தூக்கம் தூங்கவைத்து வாட்டி எடுத்தார். அந்தக் களைப்பு திரையில் தெரிகிறது. எறும்பு கடிக்கிறது, மழை கொட்டுகிறது, பயம் பிடித்த சிப்பாய் ஏழைக் குடியானவனை அடித்துக் கொல்கிறான், குடிசை எரிகிறது, அமெரிக்கனை அமெரிக்கனே சுடுகிறான். விமானம் இரவல் தருகிறவன் இதையெல்லாம் காட்ட விடுவானா?

ஆயினும் அந்தப் படத்திலும் நமக்குக் குறை உண்டு. எரிந்த குடிசைக்குச் சொந்தக்காரன் என்ன நினைத்தான்? அவன் அலறுவது மட்டுமே கேட்கிறது. வியத்நாமியர் அங்கே நிழல்தான், ஆள் அல்ல.

அந்தக் குறை இல்லாத படம் ஒன்று இருக்கிறது: 'அல்ஜியர்ஸ் யுத்தம்'. 1966-இல் இத்தாலிய இயக்குநர் கில்லோ பொன்டெகோர்வோ எடுத்தது. 1962-இல் அல்ஜீரியா விடுதலை பெற்றது. நான்கே ஆண்டுகளில், சண்டை நடந்த அதே கஸ்பா சந்துகளில், அதைப் பட்டு அனுபவித்த மக்களையே நிறுத்திப் படம் பிடித்தார்கள். விடுதலைப் படையின் அல்ஜியர்ஸ் தலைவராக இருந்து பிரெஞ்சுக்காரரால் மரண தண்டனை விதிக்கப்பட்ட சாதி யாசெப், தம்மைப் போன்ற பாத்திரத்தில் தாமே நடித்தார். தொழில்முறை நடிகர் என்று சொல்லத்தக்கவர் பிரெஞ்சுத் தளபதியாக வரும் ழான் மர்த்தான் ஒருவரே. அவரோ 1960-இல் அந்தப் போரை எதிர்த்த 121 பேரின் அறிக்கையில் கையெழுத்திட்டவர்! பார்ப்பவர் செய்திப்படம் என்றே நம்புவர். செய்திப்படத் துண்டு ஓர் அடிகூட அதில் இல்லை.

படம் தன் பக்கத்தாரையும் தப்பவிடவில்லை. சிற்றுண்டிச் சாலையில் குண்டு வைக்கும் பெண், அங்கே உட்கார்ந்திருப்போர் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். ஐஸ்கிரீம் தின்னும் குழந்தையும் அதில் உண்டு. பிரெஞ்சுப் படையின் சித்திரவதையும் மறைக்கப்படவில்லை. வெனிஸ் விழாவில் முதற்பரிசு கிடைத்தபோது பிரெஞ்சுப் பிரதிநிதிகள் வெளிநடப்புச் செய்தனர். பிரான்சில் பல்லாண்டு திரையிடப்படவும் இல்லை. 2003 மார்ச்சில் ஈராக்குக்குள் நுழைந்த அமெரிக்கா, அந்த ஆகஸ்டில் தன் அதிகாரிகளுக்கு இதே படத்தைப் போட்டுக் காட்டியது. பார்த்தார்கள்; ஈராக்கில் 2011 வரை இருந்தார்கள்.

2022-இல் பழைய 'டாப் கன்' மீண்டும் வந்தது. இம்முறை கடற்படை விமானத்துக்கு வாடகை, மணிக்கு 11,000 டாலருக்கு மேல். நடிகர்கள் உண்மையாகவே பின்னிருக்கையில் பறந்தார்கள். அவர்கள் முகம் கோணுவது நடிப்பல்ல, ஒப்புக்கொள்வோம். கதை என்ன? மலைகளுக்கு நடுவே ஓர் அந்நிய நாட்டின் யுரேனிய ஆலை. அதைக் குண்டு வீசி அழிக்கவேண்டும். எந்த நாடு? பெயர் கிடையாது! எதிரி விமானிக்கு முகமும் கிடையாது, கறுப்புக் கண்ணாடிதான். உலகமெங்கும் நூறு கோடி டாலருக்கு மேல் வசூல்.

2025 ஜூன் 22 அன்று அமெரிக்க விமானங்கள் ஈரானில், மலைக்கடியில் இருந்த போர்டோ யுரேனிய ஆலைமீதும் வேறு இரு இடங்கள்மீதும் குண்டு வீசின. படத்தைப் பார்த்துத்தான் போருக்குப் போனார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பெயரற்ற நாட்டை, முகமற்ற மனிதரைத் தாக்குவதைக் கைதட்டி ரசிக்க மூன்றாண்டு முன்பே உலகத்துக்குப் பழக்கம் ஏற்பட்டிருந்தது. பன்னிரண்டு நாள் நடந்த அந்த இஸ்ரேல்-ஈரான் சண்டையில் ஈரானில் பல நூறு பேர் மாண்டார்கள்; இஸ்ரேலிலும் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களுக்குப் பெயர் இருந்தது. போர்டோ மலையைச் சுற்றி ஊர்களும் இருக்கின்றன. அந்த ஊர்க்காரர் யாரேனும் ஒரு நாள் படமெடுத்து அனுப்பினால், முதற்காட்சிக்கே சீட்டு வாங்க நாம் தயார்.