காடு காணும் உரிமை

ஆடி பிறந்துவிட்டால் படவேட்டை நோக்கிப் பேருந்துகள் வரிசை வரிசையாக வருகின்றன. ரேணுகாம்பாள் கோயில் வாசலிலே கூட்டம் அலைமோதுகிறது. பொங்கல் பொங்குகிறது, உண்டியல் நிரம்புகிறது. மாலையிலே பேருந்துகள் திரும்பிவிடுகின்றன. வந்தவர்களிலே எத்தனை பேர் ஊருக்குப் பின்னே நிமிர்ந்து நிற்கும் ஜவ்வாது மலையை ஒரு கணம் ஏறிட்டுப் பார்த்தனர்?

வந்தவரைப் பழிக்க நாம் எழுதவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளை ஊர்விட்டு ஊர் செல்வதற்கு, கோயிலைத் தவிர வேறு காரணம் இந்தச் சமுதாயத்திலே அவனுக்கு வழங்கப்படவில்லை, அதைத்தான் சுட்டிக்காட்டுகிறோம். மலையைப் பார்க்க வேண்டும், கடலைப் பார்க்க வேண்டும், யானை கூட்டமாக நடப்பதைக் காண வேண்டும் என்று ஒரு தொழிலாளி சொன்னால், "கூழுக்கே வழியில்லை, கொண்டாட்டம் கேட்கிறதா?" என்கிறார்கள். சீமான் சென்றால் அதன் பெயர் சுற்றுலா. உழைப்பவன் சென்றால் ஊதாரித்தனம்!

தமிழ்நாட்டிலே தேசியப் பூங்காக்கள் ஐந்து உண்டு. தலைநகரத்தின் நடுவிலேயே மானும் வெளிமானும் துள்ளும் கிண்டி, 1978இல் தேசியப் பூங்கா ஆயிற்று. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளும் 1986இல் அந்தப் பெயர் பெற்றன. ஆனைமலை இருக்கிறது, முதுமலை இருக்கிறது, நம் மாநில விலங்காகிய வரையாடு பாறை விளிம்பிலே அஞ்சாமல் நிற்கும் முக்கூர்த்தி இருக்கிறது. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே தமிழ்நாட்டில் காணப்பட்ட வரையாடுகள் 1,031. குறிஞ்சி என்றும் முல்லை என்றும் நெய்தல் என்றும் நிலத்தைப் பகுத்து, அதைக் கொண்டே வாழ்வைப் பாடிய இனம் நம் இனம். ஆனால் ஆரணியிலே பட்டு நெய்யும் தோழரைக் கேளுங்கள், இந்த ஐந்தில் எதைப் பார்த்தீர் என்று! பட்டுச் சேலையின் கரையிலே மயிலை ஆடவிட்ட கைகள் அவை. காட்டிலே மயில் ஆடும் இடத்துக்குச் செல்ல மட்டும் அந்தக் கைகளுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைப்பதில்லை.

ஏன் கிடைப்பதில்லை? காரணம் கூலி முறையிலே இருக்கிறது. தறி ஓடினால்தான் கூலி. தறி நின்றால் அடுப்பும் நின்றது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளத்துடன் கூடிய விடுமுறையை உரிமையாக்கிற்று. வீட்டுக்குள்ளே குழித்தறியில் காலை நுழைத்து உட்கார்ந்திருக்கும் நெசவாளிக்கு அந்த உரிமை வந்து சேரவில்லை.

இது நடக்கக்கூடிய காரியமா என்று கேட்பார்கள். நடந்திருக்கிறது! 1936ஆம் ஆண்டு பிரான்சு நாட்டிலே லியோன் புளூமின் மக்கள் முன்னணி அரசு, தொழிலாளிகளுக்குச் சம்பளத்துடன் ஆண்டுக்கு இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கிற்று. குறைந்த கட்டணத்திலே இரயில் பயணச் சீட்டும் தந்தது. அந்தக் கோடையிலே ஆயிரமாயிரம் தொழிலாளிக் குடும்பங்கள் தம் வாழ்நாளிலே முதன்முறையாகக் கடலைக் கண்டன. பிரான்சு மூழ்கிப்போகவில்லை.

பார்க்கும் உரிமையோடு முடிகிற செய்தி அல்ல இது. வாழும் உரிமையும் இதிலே அடங்கியிருக்கிறது. உலகின் முதல் தேசியப் பூங்கா என்று புகழப்படும் அமெரிக்காவின் எல்லோஸ்டோன் 1872இல் அமைந்தது. கொதிநீர் பூமியைப் பிளந்துகொண்டு பனைமரத்தையும் தாண்டி வானில் எழும் அதிசயம் அங்கே உண்டு. ஆனால், அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பூர்வகுடிகள் வெளியேற்றப்பட்டார்கள் என்பதும் அதே பூங்காவின் வரலாறுதான். மானுக்கு வேலி போட்டார்கள். மனிதனை வேலிக்கு வெளியே தள்ளினார்கள்.

அந்தக் கொடுமை நமக்குத் தொலைவிலே இருக்கிறதா? இல்லை தோழர்களே, நம் வாசற்படியிலே இருக்கிறது. ஆந்திராவின் சேசாசலம் மலையிலே சிறீ வெங்கடேசுவரா தேசியப் பூங்கா இருக்கிறது. 1989இல் அறிவிக்கப்பட்டது. செம்மரம் செழித்து வளரும் மலை அது. 2015 ஏப்ரல் 7ஆம் நாள், அந்த மலைக்காடுகளிலே செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறி, ஆந்திரக் காவல்துறை 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. மாண்டவர்களிலே பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தவர்கள். ஜவ்வாது மலையும் அதன் அடிவாரமும் அன்று ஒப்பாரியால் நிறைந்தன.

எண்ணிப் பாருங்கள்! சீமான் வீட்டுப் பிள்ளை தேசியப் பூங்காவுக்குப் போகிறான், தோளிலே கேமராவோடு. நம் வீட்டுப் பிள்ளை போனான், கையிலே கோடரியோடு. அவன் படத்தோடு திரும்பினான். இவன் பிணமாகத் திரும்பினான். மரத்தை வெட்டச் சொன்னவன் யார்? கப்பலேற்றி விற்றவன் யார்? அவர்கள் மீது ஒரு குண்டும் பாயவில்லையே! மரம் வெட்டுவது சரி என்று நாம் வாதாடவில்லை. மலைவாழ் மகனுக்குத் தன் மலையிலேயே பிழைப்பு இருந்திருந்தால், அயல் மலைக்குக் கோடரி தூக்கியிருப்பானா என்றுதான் கேட்கிறோம்.

காட்டு மக்களைக் காவலராக்கினால் என்ன நடக்கும் என்பதை முதுமலை காட்டியிருக்கிறது. தெப்பக்காடு முகாமிலே தாயற்ற யானைக் குட்டிகளைப் பிள்ளைகளாக வளர்த்த பொம்மனையும் பெள்ளியையும் பற்றிய ஆவணப்படம் 2023இல் ஆஸ்கார் விருது பெற்றது. அதே ஆண்டிலே பெள்ளிக்கு யானைப் பராமரிப்புப் பணிக்கான அரசு ஆணையும் தரப்பட்டது. காட்டைக் கெடுப்பவர்கள் காட்டு மக்களே என்று கதை கட்டியவர்கள் இப்போது என்ன சொல்வார்கள்? அதே முதுமலையை அடுத்த சீகூரிலே யானை வழித்தடத்தை மறித்து எழுந்தவை ஏழையின் குடிசைகளா? சொகுசு விடுதிகள்! 2010இல் மாநில அரசு அந்த வழித்தடத்தை அறிவித்தது. 2011இல் உயர்நீதிமன்றம் ஏற்றது. 2020இல் உச்சநீதிமன்றமும் உறுதி செய்தது. பத்தாண்டு வழக்காடும் வசதி விடுதிக்காரருக்கு இருந்தது. யானைக்கு இல்லை, ஏழைக்கும் இல்லை.

"எல்லாரையும் உள்ளே விட்டால் காடு கெட்டுவிடாதா?" என்று சிலர் அச்சம் காட்டுவார்கள். கெடும், அளவு மீறினால் கெடும். ஆகவே அளவு வையுங்கள். நாளுக்கு இத்தனை பேர் என்று வரையறுங்கள். ஆனால் அந்த வரிசையிலே பணப்பை முன்னே நிற்கக்கூடாது. நெசவாளிக்கும், பீடி சுற்றும் தாய்க்கும், செங்கல் சூளைத் தோழனுக்கும் அதிலே இடம் வேண்டும்.

நெசவாளிக்கும் மலைக்கும் என்ன உறவு என்று கேட்போருக்கு ஒரு விடை உண்டு. ஜவ்வாது மலையிலே பெய்யும் மழைதான் கமண்டல நாகநதியாகப் படவேட்டைத் தொட்டு ஆரணிக்கு வருகிறது. அந்த மலை மொட்டையானால் ஆறு மணலாகும். பட்டை அவிக்கவும் அலசவும் சாயம் தோய்க்கவும் எங்கே போவது தண்ணீருக்கு? மலையைக் கண்டறியாதவன் மலைக்காகப் போராட வரமாட்டான். ஆகவேதான் சொல்கிறோம், காணும் உரிமை காக்கும் கடமைக்கு முதற்படி என்று.

நாம் கேட்பவை இவை: கூட்டுறவு நெசவாளர் சங்கங்கள் வழியே ஆண்டுக்கு ஒருமுறை கூலி இழப்பின்றிச் சுற்றுலா; பூங்காக்களிலே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் அந்தந்த மலைமக்கள்; 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி ஜவ்வாது மலைமக்களுக்கு உரிய பட்டாக்கள்; மரமும் பறவையும் விலங்கும் இன்னதென்று நல்ல தமிழிலே சொல்லும் பலகைகள்.

அரசு செய்யட்டும் என்று கழகத் தோழர்கள் கைகட்டி உட்கார வேண்டியதில்லை. கிளைக்கு ஒரு பேருந்து போதும். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, படிப்பகத்திலே பெயர் எழுதி, குடும்பத்தோடு புறப்படுங்கள். முதலில் நம் ஜவ்வாது மலை, அடுத்து முதுமலை. திரும்பி வந்து, கண்டதைத் தெருமுனைக் கூட்டத்திலே சொல்லுங்கள். கேட்டவர்கள் அடுத்த பேருந்துக்குப் பெயர் கொடுப்பார்கள்.